அமுக்கராவோடு லே போனவர்: உயரமலைத் தளர்ச்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்துக்காரர் லடாக் போவது என்றால் ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர் காரியம். இப்போது திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் இராத்தங்கி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லடாக்கின் லே நகரத்தில் காப்பி குடிக்கலாம். முந்தாநாள் வரை கடல்மட்டத்தில் உறங்கிய உடம்பு அப்போது 3,500 மீட்டர் உயரத்தில் நிற்கும். போகிறவர் பெட்டியில் கம்பளி இருக்கிறதோ இல்லையோ, "தளர்ச்சி வராம இருக்க" ஒரு பொட்டலம் மருந்து கட்டாயம் இருக்கும். அந்தப் பொட்டலம் என்ன செய்தது, எதைச் செய்ய முடியாமல் போனது என்பதே இந்த ஆய்வு.

கீழே வருவது ஒரு தனி மனிதரின் மருத்துவக் குறிப்பு அல்ல. இப்படிப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளை ஒரே பயணியின்மேல் ஏற்றி, ஆராய்வதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்துச் சேர்மானங்கள், அளவுகள், உயரக் கணக்குகள் எல்லாம் உள்ளவை உள்ளபடி.

பயணியும் பொட்டலமும்

ஆண், 46 வயது, எடை 72 கிலோ. திருவட்டார் பக்கம் சரிவில் சிறிய ரப்பர் தோட்டம். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஏறி இறங்கிப் பால்வெட்டும் பழக்கம் இருப்பதால் காலில் குறை இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. தினமும் ஒன்று. மூலத்தில் அவ்வப்போது இரத்தம் போகும். மூன்று மாதத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 11.8 என்று இருந்தது. ஆணுக்கு 13க்குக் கீழே இருந்தால் சோகை. தோட்டத்து வேலைக்கு அது இடைஞ்சல் செய்யாததால் யாரும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புறப்பட ஆறு நாள் இருக்கும்போது வைத்தியரிடம் போகிறார்.

"ஆசானே, மேல போனா தளராம இருக்கதுக்கு எதாம் மருந்து உண்டுமா?"

"உண்டும் மக்கா. ஆனா அது காலுக்கு உள்ளது. காத்து கொறஞ்ச எடத்துக்கு உள்ளதில்ல."

இரண்டாவது வாக்கியம் காதில் ஏறவில்லை. அமுக்கரா (அசுவகந்தா) சூரணம் கால் கிலோ வாங்கி, அன்றிரவே வேளைக்கு ஒரு ஸ்பூன் குவித்து, நாளுக்கு இரண்டு வேளை தொடங்கிவிட்டார். மற்றவை தானாகச் சேர்ந்தவை. தொண்டைக் கரகரப்புக்காக ஏற்கெனவே இரண்டு வாரமாக அதிமதுரத் தூளைச் சுடுநீரில் போட்டு நாளுக்கு மூன்று முறை, மொத்தம் 10 கிராம் அளவில் குடித்துவந்தார். உறக்கத்துக்கென்று ஓர் அசுவகந்தாரிட்டக் குப்பி, அதாவது அமுக்கராவையே நொதிக்கவைத்த மருந்து. "அகத்தியமலை ஆரோக்கியப்பச்சை" என்று சொல்லிக் கையில் திணிக்கப்பட்ட, எங்கே பறித்தது என்று சொல்ல ஆளில்லாத, நொறுங்கிய உலர் இலை ஒரு பொட்டலம். உயர நோய்த் தடுப்புக்கான அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி உடன் போகிறவர் ஒருவர் சொன்னபோது, "நமக்கு நாட்டு மருந்து போதும்" என்று முடித்துவிட்டார்.

லேயில் மூன்று நாள்

முதல் நாள். விமான நிலையம் ஏறத்தாழ 3,250 மீட்டர், ஊர் 3,500. இறங்கியதும் உற்சாகம் அதிகமாகத்தான் இருக்கும். உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவதால் வரும் நோய்க்குறி தெரிய ஆறு மணி நேரமாவது ஆகும் என்பதால் முதல் பகலை நம்பக் கூடாது. இவர் நம்பினார். மாலையில் சாந்தி ஸ்தூபி படிக்கட்டை நடந்தே ஏறினார். இரவு லேசான தலைவலி, குமட்டல், நல்ல தளர்ச்சி. அரிட்டத்தை மூடியால் அளக்காமல் டம்ளரில் ஊற்றி 90 மில்லி குடித்துப் படுத்தார். மூச்சு நின்று நின்று வருவதுபோல் தோன்றி நான்கைந்து தடவை விழிப்பு.

இரண்டாம் நாள். காலையில் தளர்ச்சி குறையவில்லை என்று சூரணத்தை இரட்டித்தார். வேளைக்கு இரண்டு குவித்த ஸ்பூன், வெறும் வயிற்றில். வாடகை வண்டி ஏற்கெனவே பேசியிருந்ததால் கர்துங்லா கணவாய்க்குப் பயணம். 40 கிலோமீட்டர் சாலையில் 1,850 மீட்டருக்கு மேல் ஏற்றம். 5,359 மீட்டரில் முக்கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இறங்கும் வழியில் வாந்தி. மாலையில் கடைத்தெருவில் நடந்தபோது, ஊரில் எல்லோருக்கும் முன்னால் நடக்கிறவர், இங்கே கூட்டத்துக்குப் பின்னால் நின்று நின்று வந்தார். இந்த நிகழ்வில் மிக முக்கியமான குறி இதுதான். யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள். விடியற்காலையில் வறட்டு இருமல். "தொண்டைதான்" என்று அதிமதுரம் இன்னொரு தடவை. காலை ஏழு மணிக்குக் கழிப்பறை போய்வந்ததற்கே மூச்சு வாங்கியது. படுத்தால் முட்டல், உட்கார்ந்தால் சற்றுத் தேவலை. உதடு கறுத்திருந்தது. விடுதியில் இருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இரத்தத்தில் உயிர்வளிச் செறிவு 70 சதம், நாடி 118 என்று காட்டியது. லேயில் இரண்டாம் மூன்றாம் நாளில் நலமாக இருப்பவருக்கு 85 முதல் 90 வரை இருக்கும். மருத்துவமனையில் நெஞ்சில் வலப்பக்கம் நீர்க்கொப்புள ஓசை, எக்ஸ்ரேயில் திட்டுத் திட்டாக வெண்மை, அழுத்தம் 164/100. உயரத்தால் வரும் நுரையீரல் நீர்க்கோவை என்று கணிப்பு. ஆக்சிஜன், முழு ஓய்வு, அம்லோடிபினை நிறுத்திவிட்டு மெதுவாகக் கரையும் நிஃபெடிபின் 30 மி.கி. பன்னிரண்டு மணிக்கொரு தடவை. மூலிகைகள் எல்லாம் நிறுத்தம். மருத்துவமனையில் இரண்டாம் நாள் முடிவில் ஆக்சிஜன் இல்லாமலே 89 சதம் நின்றது. அதற்கு மறுநாள் டெல்லிக்கு விமானம்.

"உடனே கீழே இறக்குங்கள்" என்பதே இந்த நோய்க்கு முதல் விதி. லேயில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. சாலை வழியாகத் தாழ்ந்த இடமான கார்கில் (ஏறத்தாழ 2,700 மீட்டர்) போக வேண்டுமானால் நடுவில் 4,100 மீட்டர் ஃபோட்டுலா கணவாயைத் தாண்ட வேண்டும். இறங்குவதற்காக ஏற வேண்டிய ஊர் அது. அதனால்தான் அங்கே ஆக்சிஜனோடு படுக்க வைத்து மருத்துவம் செய்வதும், தேறியபின் விமானத்தில் அனுப்புவதும் நடைமுறை.

எந்தத் தளர்ச்சி?

தமிழில் தளர்ச்சி என்ற ஒரே சொல்லில் குறைந்தது மூன்று விஷயம் அடங்கிவிடுகிறது. உழைத்த தசை சோர்வது ஒன்று. உறக்கம் கெட்டுச் சோர்வது இன்னொன்று. மூன்றாவது, இரத்தத்தில் உயிர்வளி குறைந்ததால் மூளையும் தசையும் சேர்ந்தே பின்வாங்குவது. முதல் இரண்டுக்கும் நம் மருந்துகளில் வழி உண்டு. மூன்றாவது ஒரு நோயின் வாசற்படி.

கணக்கு இப்படி. காற்றில் உயிர்வளியின் பங்கு எல்லா உயரத்திலும் 20.9 சதம்தான், குறைவது அழுத்தம். மூச்சுக்குழாயில் ஈரமாகிய காற்றில் உயிர்வளியின் அழுத்தம் கன்னியாகுமரிக் கடற்கரையில் 149 மில்லிமீட்டர் பாதரசம். அகத்தியமலை உச்சியில் (1,868 மீட்டர்) ஏறத்தாழ 117. லேயில் 93. கர்துங்லாவில் 73 அளவுக்கு இறங்கிவிடும். 117 வரை இரத்தத்தின் ஹீமோகுளோபின் அதிகம் சிரமப்படாமல் நிறைந்துகொள்ளும். 93க்குக் கீழே செறிவு செங்குத்தாகச் சரியும். உச்சபட்ச உழைப்புத்திறனும் 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 சதம் விழும். அப்படிப் பார்த்தால் லேயில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஹீமோகுளோபின் 11.8 உள்ளவர் ஏற்கெனவே குறைந்த சரக்கோடு கிளம்பியவர். நிறைகிற பாத்திரமும் சிறிது, நிறைக்கிற அழுத்தமும் குறைவு.

நம் பக்கத்து மலைகள் எவ்வளவு செங்குத்தானாலும் 2,000 மீட்டரைத் தொடுவதில்லை. உயர நோய் பேசப்படுவது 2,500க்கு மேல். ஆக, அகத்தியமலையில் பிறந்த மலைமருந்து அறிவு முழுவதும் காற்று போதுமான அளவு இருக்கும் மலையில் சோதித்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. வேறு கேள்விக்கு அதைப் பதிலாக எடுத்துச் செல்வதுதான் பிசகு. பயிற்சிக்கு மருத்துவாழ்மலை ஏறுவதும் இதே கணக்கில் வரும். ஏறத்தாழ 800 அடி, அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையில் ஒரு துண்டு விழுந்தது என்று கதை. பையில் 8 கிலோ சுமந்து வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினால் தொடைத்தசை உறுதிப்படும், இறக்கத்தில் முழங்கால் நடுங்காது. ஆனால் இமயத்துக் காற்றைப் பற்றி அந்தத் துண்டு ஒன்றும் சொல்லித் தராது.

உயரத் தளர்ச்சியைப் பிரித்தறிய லேக் லூயிஸ் மதிப்பெண் முறை போதும். தலைவலி, வயிற்றுக்கோளாறு, தளர்ச்சி, தலைச்சுற்றல் என்ற நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை. தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுநிலை மலைநோய். 2018 திருத்தத்தில் உறக்கக் குறைவை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் உயரத்தில் உறக்கம் எல்லோருக்கும் கெடும். இவருக்கு முதல் நாள் இரவே தலைவலி 1, குமட்டல் 1, தளர்ச்சி 2, மொத்தம் 4. அந்த எண்ணோடு மறுநாள் மேலே ஏறவே கூடாது.

நுரையீரல் நீர்க்கோவை அந்த மதிப்பெண்ணில் அகப்படாமலும் வரும். தலைவலி இல்லாமலே வரலாம். அதன் முதல் குறி உழைப்புத்திறன் திடீரென இறங்குவது; அதாவது நேற்று முன்னால் போனவர் இன்று பின்தங்குவது. பிறகு வறட்டு இருமல், பிறகு ஓய்விலும் மூச்சுத்திணறல். பெரும்பாலும் வந்து சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். இந்தப் படத்தை உலகம் தெளிவாகப் பார்த்ததில் நம் ராணுவ மருத்துவர்களுக்குப் பங்கு உண்டு. 1962 போரை ஒட்டித் தாழ்நிலத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்களை இந்தர் சிங்கும் குழுவினரும் கவனித்து, 1,925 பேரின் விவரத்தை 1969இல் வெளியிட்டார்கள். உடல் வலிமையில் தேர்ந்தெடுத்த இளைஞர்களுக்கே வந்த நோய் அது. தோட்டத்தில் பழகிய கால் அதற்குக் காவல் ஆகாது.

அமுக்கரா சூரணம்: சேர்மானமும் கணக்கும்

இந்தச் சூரணத்தின் சேர்மானம் மனப்பாடம் செய்ய எளிது. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு: கிராம்பு 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு (நம் ஊரில் நல்லமிளகு) 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. எல்லாம் கிராமில் எடுத்தால் மொத்தம் 255 கிராம். பாதி சர்க்கரை, கால்பங்கு அமுக்கரா, மீதிக் கால்பங்கு கார மருந்துகள்.

அமுக்கராக் கிழங்கைத் தூளாக்கி, பாலும் நீரும் சமமாக ஊற்றிய பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் தூளைப் பரப்பி மூடிப் பிட்டவியல் செய்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி இடித்து வஸ்திரகாயம் செய்வது (துணியில் சலிப்பது) சுத்திமுறை. குமரியில் இதில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். இடவப்பாதியிலோ துலாமழையிலோ அவித்த தூள் முழுசாகக் காயாது. அரைகுறை ஈரத்தில் சர்க்கரையைச் சேர்த்தால் பத்து நாளில் கட்டி தட்டும், பிறகு பூஞ்சை. கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும்; உருண்டையாக நின்றால் இன்னும் காயவில்லை. மழைக்காலத்தில் சர்க்கரையைத் தனியே வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலப்பது நல்லது. அமுக்கராவின் வேர்தான் மருந்து. விலை குறைவு என்று இலைத்தூள் கலந்தது வந்தால் வாங்கக் கூடாது.

வேளைக்கு 2 கிராம், உணவுக்குப்பின் இளஞ்சூட்டுப் பாலில், நாளுக்கு இரண்டு வேளை என்பது அடக்கமான அளவு. அதில் அமுக்கரா நாளுக்கு 1 கிராம் போகும். தலைதட்டிய சிறுகரண்டி ஒன்றே இரண்டரை மூன்று கிராம் பிடிக்கும், குவித்தால் 5. "ஒரு ஸ்பூன்" என்ற அளவு இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. நம் பயணி முதலில் நாளுக்கு 10 கிராமும், லேயில் 20 கிராமும் எடுத்தார். 20 கிராமில் சுக்கு இரண்டரை கிராம், திப்பிலி ஒன்றேகால், மிளகு அரைக்கு மேல். வெறும் வயிற்றில் இது எரியாமல் என்ன செய்யும்? இரண்டாம் நாள் வாந்தி மலைநோயினாலா, காரத்தினாலா என்று பிரிக்க முடியாமல் போனதற்கு இதுவே காரணம். அமுக்கராவுக்கு உறக்கம் தரும் குணமும் உண்டு. அளவு கூடினால் வரும் மந்தமும் மலைநோயின் மந்தமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

அப்படியானால் அமுக்கரா தளர்ச்சிக்கு உதவாதா? உதவும், நேரம் கொடுத்தால். 2012இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 40 சைக்கிள் பந்தய வீரர்களில் ஒரு பகுதியினருக்கு வேரின் சாறெடுத்த மாத்திரை 500 மி.கி. நாளுக்கு இரண்டு முறை கொடுத்தபோது உச்ச உயிர்வளிப் பயன்பாடு உயர்ந்தது. கொடுத்த காலம் 8 வாரம். சாறு செறிவானது, நாட்டுச் சூரணத்துக்கு நேர் சமம் அல்ல. ஆக, ஆறு நாள் முன்பு தொடங்கிய சூரணத்திடம் எட்டு வார வேலையை எதிர்பார்ப்பது வாழை நட்ட மாதமே குலை தேடுவதுதான். மேலும் அந்த ஆய்வு நடந்தது தரைமட்டக் காற்றில்.

தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு அமுக்கரா ஹார்மோன் அளவை மேலே தள்ளலாம். தொடங்கிய சில வாரங்களில் கல்லீரல் வீக்கமும் மஞ்சள் காமாலையும் வந்ததாகப் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனாலும் சிறுநீர் கறுத்தாலோ உடம்பு அரித்தாலோ நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின் ஃபெனிட்டாயின், புரோப்ரனலால், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் இரத்த அளவைக் கூட்டும். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் சூரணம் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆரோக்கியப்பச்சை

தளர்ச்சி என்றதும் நம் பக்கத்தில் முதலில் வாயில் வரும் பெயர் இது. திரைக்கோப்பஸ் சைலானிக்கஸ் என்பது தாவரப் பெயர். நம் பக்கம் வளர்வது திருவிதாங்கூர் பெயர் தாங்கிய துணையினம். ஓடைக்கரை நிழலில், தரையோடு தரையாக வளரும் சிறு செடி. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதன் குழுவுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் (அந்தக் காட்டுப் பழங்குடியினர்) இதன் பழத்தைத் தின்றுகொண்டே சோராமல் நடந்தார்கள் என்பதிலிருந்து அதன் நவீன வரலாறு தொடங்குகிறது. கேரளத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் இலையிலும் அந்தக் குணத்தைக் கண்டு, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றையும் சேர்த்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 சத ராயல்டிக்கும் தயாரிப்பு உரிமை போனது. அதில் பாதி காணி மக்களுக்கு என்பது ஏற்பாடு. அதற்கான அறக்கட்டளை 1997இல் பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பேச்சின் அளவுக்குப் பணம் வந்ததா என்பது வேறு வழக்கு. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிக் குடியிருப்புகள் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காட்டில் எல்லைக்கல் செடிக்குத் தெரியாது, பங்குப் பத்திரத்துக்குத் தெரியும்.

மருந்துக் கேள்விக்கு வருவோம். இலையின் மேல் நடந்த தளர்ச்சிச் சோதனை எலிகளை நீரில் நீந்தவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தது. அதுவும் கால் தளர்ச்சிதான், காற்று நிறைந்த அறையில். லேயின் 93 மில்லிமீட்டர் உயிர்வளி அழுத்தத்துக்கும் இதற்கும் பாலம் போட எவரிடமும் சான்று இல்லை. அதற்கு மேல், நம் பயணியின் கையில் இருந்தது ஆரோக்கியப்பச்சைதானா? நொறுங்கிய இலையைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல யாராலும் ஆகாது. முழுச்செடியில் முக்கோண விளிம்புள்ள பழம் இருந்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். எனவே முறையாகக் கிடைக்கும் மருந்துக்கு உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்கும், பொட்டலத்துக்கு இருக்காது. தெரியாத இலையைத் தெரியாத உயரத்தில் முதன்முறை தின்பதைப் போன்ற மோசமான சோதனை வேறில்லை.

அதிமதுரமும் அரிட்டமும்

இவர் எடுத்த மருந்துகளில் உண்மையான கேட்டைச் செய்தவை எவரும் சந்தேகிக்காத இந்த இரண்டுமே.

அதிமதுர வேரில் கிளிசிரைசின் என்ற இனிப்புப் பொருள் இரண்டு சதத்திலிருந்து மேலே இருக்கும். நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் அதைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவு அறிவியல் குழு வைத்த எல்லை. 5 கிராம் தூளே அதைத் தொட்டுவிடும். இவர் எடுத்தது 10. உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் கூடும். உயரமும் தன் பங்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். 164/100இல் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அசெட்டசோலமைடும் பொட்டாசியத்தைக் கழிக்கும் மருந்து என்பதால், அதை எடுப்பவர் அதிமதுரத்தைத் தொடர்ந்தால் கெண்டைக்கால் பிடிப்பும் தசைத் தளர்ச்சியும் வரலாம். தளர்ச்சிக்கு எடுத்ததே தளர்ச்சி ஆவது இப்படித்தான். தொண்டைக்கு ஒரு துண்டு அதிமதுரத்தை இரண்டு நாள் மெல்வதில் பயம் இல்லை.

அரிட்டம் நொதித்த மருந்து. தானாக விளைந்த சாராயம் அதில் 5 முதல் 10 சதம் வரை இருக்கும். 15, 20 மில்லியைச் சமநீரில் கலந்து குடிப்பதற்கும் டம்ளரில் 90 மில்லி ஊற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. உயரத்தில் இரவு மூச்சு ஏற்கெனவே அலையலையாகக் கூடிக் குறைந்து இடையில் நின்று வரும். அதன்மேல் சாராயமோ உறக்க மருந்தோ ஏறினால் மூச்சின் தூண்டல் மழுங்கி, விடியற்காலையில் செறிவு இன்னும் இறங்கும். இன்னொரு சிறு தொல்லை: நொதித்த குப்பியை லேயில் திறந்தால் உள்ளே அடைபட்ட வாயு பொங்கி, பாதி துணியில் போகும்.

கஷாயம் வைக்க எண்ணுகிறவர்களுக்கும் ஒரு சொல். 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எட்டில் ஒன்றாக வற்றும், ஆனால் ஊரில் இறங்கிய அளவு சாறு அதே நேரத்தில் இறங்காது. குக்கரில் வைத்தால் சரிப்படும். சுக்குக் காப்பிக்கு இந்தக் கவலை வேண்டாம். சுக்கு, மல்லி, கொஞ்சம் நல்லமிளகு, கருப்பட்டி போட்டு நாளுக்கு மூன்று நான்கு டம்ளர் குடித்தால் நீரும் சர்க்கரையும் சேரும்; பசி செத்த நாளில் அதுவே பெரிய உதவி. மலைநோயைத் தடுக்கும் என்று மட்டும் எண்ணக் கூடாது.

உயரத்திலேயே வளரும் மூலிகைகள்

லடாக்கில் சோலோ என்று ஒரு செடி உண்டு, ரோடியோலா இனம். இலையைத் தயிரில் போட்டு உண்பது அங்கத்து வழக்கம். ராணுவ ஆராய்ச்சி நிறுவனங்கள் அதன் வேர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, 5 டிகிரிக் குளிரில், 428 மில்லிமீட்டர் அழுத்தத்தில், அசையவிடாமல் அடைத்துச் சோதித்தன. உடம்புச் சூடு இறங்கப் பிடித்த நேரம் கூடியது. நல்ல செய்திதான்; ஆனால் அளந்தது குளிர் தாங்கும் நேரம், மலைநோய் அல்ல. மனிதரில் அளந்தபோது கதை மாறியது. தைவானில் 2013இல் வெளியான ஆய்வில், அதே இனத்தின் இன்னொரு வகையை நாளுக்கு 800 மி.கி. ஏழு நாள் முன்பே தொடங்கி, 102 பேரை 3,421 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். மலைநோய் வந்தது மருந்து எடுத்தபோது 60.8 சதத்தினருக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரையில் 56.9 சதத்தினருக்கு. வித்தியாசம் இல்லை.

ஜிங்கோ இலைக்கும் இதே கதி. 2004இல் வெளிவந்த நேபாள ஆய்வில் 614 மலையேறிகள். வெற்று மாத்திரையில் 34 சதம், ஜிங்கோவில் 35, அசெட்டசோலமைடில் 12, இரண்டையும் சேர்த்தால் 14. ஒரு மூலிகையை ஓர் ஆங்கில மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்திய இவ்வளவு சுத்தமான கணக்கு அரிது. இதைப் பார்த்துச் சித்த மருத்துவம் தோற்றது என்று கைகொட்ட வேண்டியதில்லை. அங்கே சோதித்தது ஜிங்கோவை மட்டுமே. ஆனால் "மூலிகை போதும், மாத்திரை வேண்டாம்" என்று லேக்கு வண்டி ஏறுகிறவரிடம் காட்ட வேண்டிய எண்கள் இவை.

அதே பயணிக்கு மாற்று ஏற்பாடு

பத்து வாரத்துக்கு முன்பு: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், பொட்டாசியம் பரிசோதனை. மூலத்துக்கு மருத்துவம், இரும்புச்சத்து ஈடு, 11.8 ஏறி 13ஐத் தாண்ட ஆறு எட்டு வாரம் பிடிக்கும். இந்த ஆளுக்கு மிகச் சிறந்த தளர்ச்சி மருந்து இதுவே. அதே நாளில் அமுக்கரா சூரணம் 2 கிராம் இரண்டு வேளை தொடங்கலாம், நான்காம் வாரம் கல்லீரல் அளவை மறுபடி பார்த்துக்கொண்டு. மருத்துவாழ்மலை வாரம் மூன்று நாள். அதிமதுரம் நிறுத்தம்.

புறப்படும் முந்தைய நாள்: மருத்துவர் ஒப்புதலோடு அசெட்டசோலமைடு 125 மி.கி. இரண்டு வேளை, லேயில் இரண்டாம் நாள் வரை. அதற்கு மேலும் ஏறுவதாக இருந்தால் தொடர வேண்டும். விரல் நுனி மதமதப்பு, அடிக்கடி சிறுநீர், சோடா குடித்தால் சப்பென்று இருப்பது எல்லாம் எதிர்பார்த்தவை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அமுக்கரா டெல்லியோடு நின்றுவிட வேண்டும், ஏனென்றால் மேலே எந்த மந்தத்துக்கும் ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும்.

லேயில் முதல் இரண்டு நாள் முழுசாகப் படுக்கையும் மெதுநடையும். ஸ்தூபிப் படி மூன்றாம் நாளுக்கு. உறங்கும் இடத்தின் உயரம் 3,000க்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு அதிகமாகக் கூடாது. கர்துங்லா நான்காம் நாளுக்கு முன் வேண்டாம். மேலே கால் மணி நேரம் போதும். காலையும் மாலையும் மதிப்பெண் எழுத வேண்டும், இரண்டாவது ஆளும் சேர்ந்து எழுத வேண்டும், ஏனென்றால் பின்தங்குகிறவருக்குத் தான் பின்தங்குவது தெரியாது. குதிகாலும் பெருவிரலும் தொட நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தள்ளாடினால் மூளை வீக்கம் என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே ஆக்சிஜனுக்கு ஓட வேண்டும்.

ஊர் திரும்பிய பயணிக்கு மிச்சம் இருந்த சூரணம் 150 கிராமுக்கு மேல். கட்டி தட்டாமல் இருந்ததால் எறியவில்லை. நான்கு வாரம் கழித்துக் கல்லீரல் அளவு சரியாக இருந்ததும், 2 கிராம் கணக்கில், சமையல் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி, தோட்டத்தில் பால்வெட்டு மும்முரமாகும் மாதங்களில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. இலைப்பொட்டலம் உரக்குழிக்குப் போயிற்று.